நாலு கேள்விகளில் இல்லாத சத்தம்

“ஒரு போனுக்கு ஒன்பது நிமிசம் அப்படி என்னதானுங்க பேசுவீங்க?” என்று ஜெயபாரதி கேட்டாள். அவள் அதைக் கேட்டது மூன்றாவது தடவை. ஒவ்வொரு தடவையும் குரல் ஒரு படி ஏறியிருந்தது.

“பேசினாத்தானுங்க அம்மணி விசயம் வெளிய வரும்” என்று நானும் சத்தமாகத்தான் சொன்னேன்.

“குன்னத்தூர்க்காரர் மக எந்த மாப்பிள்ளைய வேண்டாம்னு சொல்லுச்சுங்கறது நம்ம கம்பெனிக்கு எதுக்குங்க?”

“கல்யாணம் நின்னுபோன ஊட்டுல பத்து நாளைக்கு மிஷின் ஓடாதுங்க. அதுக்குத்தான்.”

ஆபீஸில் இருந்த எட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கம்பெனியை ஆரம்பித்த அருள்செல்வன் மட்டும் டீ டம்ளரோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மேஜையில் இருந்த டீயில் ஆடை படிந்திருந்தது. எனக்கு ஆடை படிந்த டீ ஆகாது. அன்றைய சண்டையைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த ஆடைதான். கோபம் வந்ததா என்று நீங்கள் கேட்டீர்கள். வந்ததாக ஞாபகம் இல்லை.

என் பெயர் பழனாத்தாள். மண்ணரையில் லைன் வீட்டில் இருக்கிறேன். ‘நம்ம தையல்’ கம்பெனியில் ஒன்பது வருஷம் போன் வேலை. திருப்பூரில் கம்பெனி என்றால் பனியன் கம்பெனி என்றுதான் நினைப்பார்கள். இது இன்டர்நெட் கம்பெனி. எக்ஸ்போர்ட்காரர்களுக்கு ஆர்டர் குவிந்து சொந்த மிஷின் போதாமல் போனால், சின்னச் சின்ன யூனிட்களுக்குத் தைக்கக் கொடுப்பார்கள். எந்த யூனிட்டில் இன்றைக்கு மிஷின் சும்மா கிடக்கிறது என்று மேனேஜர்கள் பைக்கில் சந்து சந்தாக அலைவார்கள். அதை ஒரே பக்கத்தில் காட்டினால் என்ன என்று அருள்செல்வனுக்குத் தோன்றியது. வேலை எடுக்கத் தயாராக இருக்கும் யூனிட்டின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி எரியும். எரிய விடுவது நான்.

அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். காலையில் ஒவ்வொரு யூனிட்டாகக் கூப்பிடுவேன். ஓனர்கள் பொய் சொல்வார்கள், தொழில் அப்படி. ஆள் வராத அன்றைக்கும், “பதினஞ்சு டெய்லர் வந்துட்டாங்கங்க” என்பார்கள். “போனைக் கொஞ்சம் மிஷின் பக்கம் திருப்புங்க சாமி” என்பேன். ஓவர்லாக் மிஷினுக்கு ஒரு சத்தம், பிளாட்லாக் மிஷினுக்கு ஒரு சத்தம். நாலு ஓடுகிறதா பதினான்கு ஓடுகிறதா என்று காது சொல்லிவிடும். ஒருத்தர் யூடியூபில் மிஷின் சத்தத்தைத் தேடி எடுத்துப் போனுக்குப் பக்கத்தில் வைத்தார். நடுவில் விளம்பரம் வந்தது.

சத்தம் போக மீதியைப் பேச்சில் பிடிப்பேன். யார் வீட்டில் சீர், யாருக்குச் சர்க்கரை, எந்தக் கட்டிங் மாஸ்டர் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போனான். என்னை ஊர்வாய் என்பார்கள், தெரியும். ஆனால் நான் பச்சை போட்ட யூனிட் சொன்ன தேதியில் சரக்கு தராமல் போனது ஒன்பது வருஷத்தில் ஆறே தடவை. அதில் இரண்டு சாவு வீடு.

பிறகு எல்லார் கையிலும் வாட்ஸ்அப் வந்தது. குரூப்பில் ஒரு வரி போட்டால் அரை மணியில் யூனிட் கிடைத்தது. எங்கள் பக்கத்தைத் திறக்கிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஆபீஸில் முப்பது பேர் ஒன்பது பேரானோம். ஏசியை விற்றார்கள். கடைசியில், பணம் போட்டிருந்த கோயமுத்தூர்க்காரர்கள் அருள்செல்வனை ஓரமாக உட்கார வைத்துவிட்டுப் புதிதாக ஒரு சி.இ.ஓ.வை அனுப்பினார்கள். அதுதான் ஜெயபாரதி.

உடுமலைப்பேட்டைப் பக்கம் தென்னந்தோப்புக்காரர் மகள். முப்பத்து மூன்று வயது. பெங்களூரில் கை நிறையச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வந்தவள். அங்கேயே ஒரு மாப்பிள்ளையோடு நிச்சயம் முடிந்திருந்தது. கம்பெனியை நிமிர்த்தாமல் தாலி கட்டிக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். மாப்பிள்ளை வீட்டில் கார்த்திகை வரைக்கும் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இதெல்லாம் அவள் என்னிடம் சொன்னதில்லை. வந்த நாலாம் நாளே எனக்குத் தெரியும், அவ்வளவுதான்.

ஆபீஸுக்குக் கீழே நாச்சிமுத்து டீக்கடை. கம்பெனி பிழைக்குமா என்று அங்கே எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். அந்தச் சந்தில் எதையும் என்னைக் கேட்பதுதான் வழக்கம். “ஆவணியில வந்துருக்குது. மூணு மாசம் தாங்காதுங்க” என்றேன். நாச்சிமுத்து அதைப் பால்காரரிடம் சொன்னார். பால்காரர் தெருவெல்லாம் சொன்னார். நான் சொன்னது தப்பாகப் போனது அதுவரை கிடையாது.

சண்டை நடந்த மறுநாள் எங்கள் எல்லாருக்கும் புது ஹெட்செட் வந்தது. ஸ்கிரீனில் நாலு கேள்வி வந்தது. இன்று எத்தனை மிஷின் காலி. டெய்லர் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள். கரண்ட் இருக்கிறதா. சொன்ன தேதியில் சரக்கு வருமா. நாலுக்கும் பதில் வாங்கிக் குறித்துக்கொண்டு வைத்துவிட வேண்டும். ஒன்றரை நிமிஷம் தாண்டினால் ஸ்கிரீன் சிவப்பாகும். பேச்செல்லாம் பதிவாகும்.

“உங்க காது மேல எனக்குச் சந்தேகமே இல்லீங்க” என்று ஜெயபாரதி என் மேஜைக்கு வந்து தணிவாகத்தான் சொன்னாள். “ஆனா நாளைக்கு ஐந்நூறு யூனிட் வந்தா எத்தனை பழனாத்தா அக்காவுக்கு நான் எங்கீங்க போவேன்? நாலு கேள்விக்கு மேல ஒண்ணும் வேண்டாங்க. ஊர்க்கதை வேண்டாம்.”

“சரீங்க அம்மணி” என்றேன்.

அன்றிலிருந்து நாலு கேள்விக்கு மேல் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பதிவுகள் உங்களிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். ஓனர்களுக்கு முதலில் புரியவில்லை. “ஏனுங்க, உடம்பு சரியில்லீங்களா?” என்றார்கள். நான் அடுத்த கேள்விக்குப் போனேன். பிறகு அவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். ஒரு மாதத்தில் யார் வீட்டில் என்ன நடக்கிறது என்பதே எனக்குத் தெரியாமல் போனது. நாச்சிமுத்து கடையில் யாராவது ஏதாவது கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லாமல் டீ குடித்தேன். பல் பிடுங்கின இடத்தில் நாக்கு போய்ப் போய் வருமே, அப்படி இருந்தது. வலி எல்லாம் இல்லை.

இதில் ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். கம்பெனி நிமிர்ந்தது. நான் ஒரு நாளைக்கு நாற்பது யூனிட் கூப்பிட்டது போய் நூற்று அறுபது கூப்பிட்டேன். பச்சைப் புள்ளிகள் பெருகின. அவளே வண்டி எடுத்துக்கொண்டு ஒவ்வொரு எக்ஸ்போர்ட் ஆபீஸாக ஏறி இறங்கினாள். ஐப்பசியில் ஒரு பெரிய எக்ஸ்போர்ட்காரர், வெளிநாட்டுக் குழந்தைத் துணி ஆர்டர் ஒன்றை எங்கள் பச்சைப் புள்ளி யூனிட்கள் பன்னிரண்டுக்கு மட்டும் பிரித்துக் கொடுத்துப் பார்க்கச் சம்மதித்தார். கார்த்திகை கடைசிக்குள் பன்னிரண்டும் சொன்ன தேதியில் முடித்தால், அவருடைய வெளித் தையல் முழுக்க எங்கள் வழியாகத்தான். ஒன்று பிசகினாலும் அதோடு சரி. கோயமுத்தூர்க்காரர்களும் அதோடு மூடிவிடுவார்கள். இது ஆபீஸில் பெருக்குகிறவளுக்குக்கூடத் தெரியும்.

கார்த்திகை பிறந்தது. பதினோரு யூனிட் முடித்துவிட்டன.

“ஏனுங்க பழனாத்தா, உங்க கம்பெனிய எப்பங்க மூடறாங்க?” என்று நாச்சிமுத்து டம்ளரை ஆற்றிக்கொண்டே கேட்டார். “நீங்க சொன்ன மூணு மாசம் போன வாரமே முடிஞ்சிருச்சுங்களே. போர்டுக்குப் பெயின்ட் அடிக்கக்கூட ஆள் வந்துருக்குதுங்க.”

கடையில் நாலு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மீதி இருந்த ஒன்று மண்ணரையிலேயே இருக்கிற மாதவன் யூனிட். எங்கள் லைன் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி. தைத்துச் செக்கிங் முடிந்து அயர்ன் பண்ணிக் கட்ட வேண்டியதுதான் பாக்கி. ஒரு ஓரத்தில் தகரக் கொட்டகை, அதில் விறகு போட்டு எரிக்கிற சின்ன பாய்லர், அதிலிருந்து குழாயில் ஆவி அயர்ன் டேபிளுக்கு வரும். அயர்ன் மாஸ்டர் மூக்கையா. உசிலம்பட்டிப் பக்கத்து ஆள், நல்ல மனுஷன். மாதவன் வெளியே போயிருந்தால் போனை அவர்தான் எடுப்பார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘நம்ம தையலு’க்கு வருவதற்கு முன் நான் ஏழு வருஷம் அயர்ன் டேபிளில் நின்றவள். துணியை மடித்து அட்டை வைப்பது என் வேலை. பாய்லருக்கு மேலே ஒரு வால்வு இருக்கும். ஆவி அளவு மீறினால் அது தானாகத் திறந்து ‘புஸ்’ஸென்று விடும். நிமிஷத்துக்கு ஒரு தடவையாவது விட்டுக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் நிம்மதியாக வேலை பார்க்கலாம். அவசர வேலையில் ஆவி வீணாகிறது என்று சிலர் அந்த வால்வைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிடுவார்கள். எங்கள் யூனிட்டில் ஒரு பையன் அப்படிச் செய்தபோது ஓனர் எல்லாரையும் தெருவுக்கு விரட்டிவிட்டு, தானே போய்த் தண்ணீர் ஊற்றி நெருப்பை அணைத்துவிட்டு வந்து, அந்தப் பையனை அறைந்தார். பிறகு பொழுதுக்கும் யாரையும் அவர் பாய்லர் பக்கம் விடவில்லை.

மாதவன் யூனிட்டுக்குப் பேசும்போது பின்னால் அந்த ‘புஸ்’ எப்போதும் கேட்கும். முதல் இரண்டு கேள்விக்குள் கேட்காவிட்டால், மீதியை மெதுவாகக் கேட்டு ஒரு தடவையாவது காதில் வாங்கிக்கொள்வேன். பழக்கம். அந்தத் திங்கட்கிழமை கேட்கவில்லை. புது ஹெட்செட் நல்ல ஹெட்செட். பழைய போனில் கேட்காததெல்லாம் அதில் கேட்கும். மிஷின் சத்தம் கேட்டது, டேபிளில் அயர்ன் பாக்ஸ் வைக்கிற சத்தம் கேட்டது, மாதவன் பாக்குப் போட்டிருந்தது கேட்டது. வால்வு கேட்கவில்லை. அதற்குப் பதிலாகக் கொசு போல மெல்லிசாக ஒரு இழுப்பு.

நாலு கேள்விக்கும் பதில் வாங்கினேன். பச்சை போட்டேன்.

செவ்வாய்க்கிழமையும் அதே இழுப்பு. கொஞ்சம் உசந்திருந்தது. பச்சை போட்டேன்.

அன்று மத்தியானம் ஜெயபாரதி என் மேஜைக்கு வந்தாள். சாப்பிட்டிருக்க மாட்டாள், உதடு காய்ந்திருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதுவரை அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

“அக்கா, மாதவன் யூனிட் ஒண்ணுதானுங்க பாக்கி” என்றாள். “எல்லாம் பச்சையாத்தான் இருக்குது. இருந்தாலும் எனக்கு மனசு ஒரு மாதிரி இருக்குது. உங்க காதுக்கு ஏதாவது பட்டுச்சுங்களா?”

“நாலு கேள்விக்கும் சரியாப் பதில் சொன்னாருங்க அம்மணி.”

“அதில்லீங்க. நாலு கேள்விய விடுங்க. நான் அன்னைக்கு அப்படிச் சத்தம் போட்டிருக்கக் கூடாதுங்க, தப்புத்தான். சும்மா சொல்லுங்க. அங்க எதுனாச்சும்…”

நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவள் மன்னிப்புக் கேட்டது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். ஏனோ ஒன்றும் இல்லை.

“ஊர்க்கதை எதுவும் இப்பப் பேசறதில்லீங்களே” என்றேன்.

அவள் என் தோளில் கை வைத்து, “சரீங்க்கா” என்று எழுந்து போனாள்.

நீங்கள் என்ன கேட்கப் போகிறீர்கள் என்று தெரியும். நான் நினைத்தது இதுதான்: கட்டி வைத்த வால்வு எங்கேயாவது ஒழுகும், குழாய் ஒன்று பிய்யும், அயர்ன் இரண்டு நாள் நிற்கும், சரக்கு தாமதமாகும். தாமதம், அவ்வளவுதான். கம்பெனியை மூடுவார்கள். நாச்சிமுத்து டீயை ஆற்றிக்கொண்டே, “நீங்க சொன்னது சொன்னதுதானுங்க” என்பார். இதற்கு மேல் நான் எதையும் நினைக்கவில்லை.

சாயங்காலம் நதியா தண்ணீர் பிடிக்க வந்தாள். எங்கள் லைனிலேயே கடைசி வீடு, தேனிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். மாதவன் யூனிட்டில் மூக்கையாவுக்கு மடித்துக் கொடுக்கிற வேலை, நான் அந்தக் காலத்தில் பார்த்த அதே வேலை. அவளுக்கு அவர்கள் ஆட்களிலேயே தனுஷ் என்று ஒரு பையனை நான்தான் பேசி முடித்து வைத்திருந்தேன். தையில் கல்யாணம்.

“நாளைக்கு வேலைக்குப் போகாத கண்ணு” என்றேன்.

“ஏன் பெரியம்மா? சரக்கு கட்டுற நேரம். லீவு கேட்டா ஓனர் வைவாரு.”

“கல்யாணப் பொண்ணு. மாப்பிள்ளை ஊட்டு ஆளுக பாக்க வந்தாலும் வருவாங்க. வயித்துவலின்னு சொல்லிப்போட்டுப் படுத்துக்க.”

“வருவாகளா? அவுக எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே.”

“நான் சொன்னா செய்யி.”

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள். பிறகு சரி என்றாள். அதே குழாயடியில் அன்புசெல்வியும் நின்றிருந்தாள். அவளும் மாதவன் யூனிட்தான், செக்கிங். துணி காயப்போடுகிற கயிறு விஷயத்தில் அவளுக்கும் எனக்கும் இரண்டு மாதமாகப் பேச்சு இல்லை. ஊர்வாய் என்று அவள் என் காது படச் சொன்னவள். அவளாக வந்து பேசியிருந்தால் நானும் பேசியிருப்பேன். அவள் குடம் நிறைந்ததும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்குக் கூப்பிட்டேன். மூக்கையா எடுத்தார்.

“அக்கா, நல்லாருக்கீகளா? முன்ன மாதிரி எங்ககூடப் பேசுறதே இல்லையே நீங்க” என்றார். “மகனுக்குப் பேரு வச்சாச்சு, தெரியுமில்ல?”

பின்னால் அந்த இழுப்பு கெட்டில் கொதிப்பதுபோலக் கேட்டது. அவருக்குக் கேட்காது. முப்பது வருஷம் ஆவியில் நின்ற காது.

“இன்னைக்கு எத்தனை மிஷின் காலி?” என்றேன்.

சொன்னார். டெய்லர் எத்தனை பேர் என்று சொன்னார். கரண்ட் இருக்கிறது என்றார்.

“சொன்ன தேதிக்குச் சரக்கு வருமா?”

“பொழுது சாயக் கட்டிருவோம்க்கா” என்றார்.

பச்சை போட்டேன். எனக்கு ஒரு நிமிஷம் பத்து நொடி ஆகியிருந்தது. ஸ்கிரீன் சிவப்பாகவில்லை.

பதினொன்றரைக்குச் சத்தம் கேட்டது. ஆபீஸ் ஜன்னலே அதிர்ந்தது என்பார்கள். என் காதில் ஹெட்செட் இருந்தது, குன்னத்தூர் யூனிட்டிடம் மூன்றாவது கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். நாலாவதையும் கேட்டுவிட்டுத்தான் கழற்றினேன். ஜெயபாரதி செருப்பில்லாமல் படியிறங்கி ஓடுவது தெரிந்தது.

மாதவன் யூனிட் பாய்லர் வெடித்ததில் மூன்று பேர். மூக்கையா அங்கேயே. அன்புசெல்வி ஆஸ்பத்திரியில், மூன்றாம் நாள். இன்னொருத்தன் ஒடிசாவிலிருந்து வந்து பத்து நாள் ஆனவன், விறகு போடுகிறவன். பேப்பரில் அவன் பெயர் இரண்டு விதமாக வந்தது. ஊரில் எல்லார் பெயரும் தெரிந்தவள் என்று என்னைச் சொல்வார்கள். அவன் பெயர் மட்டும் எனக்குச் சரியாகத் தெரியாது. அந்தக் கேள்வியும் ஸ்கிரீனில் கிடையாது.

வால்வைக் கட்டியது மாதவன்தான். சரக்குக்கு அவசரம் என்று கட்டியிருக்கிறான். அதனால் அவனைப் பிடித்தார்கள், நியாயம். ஜெயபாரதியை மூன்று தடவை கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் என் பெயரையே சொல்லவில்லை. பச்சைப் புள்ளி போடச் சொன்னது தான்தான், பொறுப்பும் தன்னுடையதுதான் என்று எழுதிக் கொடுத்தாளாம். என்னிடம் இந்த ஏழு மாதமாக யாருமே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதனால்தான் நானாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன். எதைப் பற்றியும் என்னிடம் கேட்காமல் இருப்பது எனக்கு ஒத்துவரவில்லை.

கம்பெனியை மார்கழி ஒன்றாம் தேதி மூடினார்கள். அருள்செல்வன் நாற்காலிகளை விற்றுவிட்டு, அதே கட்டடத்தில் எலாஸ்டிக் கடை வைத்திருக்கிறார். நாச்சிமுத்து நான் நினைத்தபடி ஒன்றும் சொல்லவில்லை. டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். பெங்களூர் மாப்பிள்ளைக்கு வைகாசியில் வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று, சேலத்துப் பெண். ஜெயபாரதி ஓசூர் பக்கம் ஏதோ பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாளாம். மூக்கையாவின் பெண்டாட்டி இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்கே போய்விட்டாள். வண்டியில் தையல் மிஷினை ஏற்றும்போது நானும் ஒரு கை பிடித்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். சின்னவனுக்கு வைத்த பெயரை அப்போதுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சரவணபாண்டி.

நதியா கல்யாணம் சொன்னபடி தையில் நடந்தது. தனுஷுக்கு உடுமலைப்பேட்டையில் காற்றாலை வேலை, அங்கேயே குடி போய்விட்டார்கள். தாலி கட்டி முடிந்து, காலில் விழ வந்தவள் நிமிரும்போது என் காதோடு கேட்டாள்: “அன்னைக்கு மாப்பிள்ளை வீட்டுலருந்து யாரும் வரலையே பெரியம்மா. நீங்க ஏன் என்னைப் போக வேண்டாம்னு சொன்னீக?”

நெற்றியில் திருநீறு பூசி அனுப்பினேன். அதற்குப் பிறகு என் போனை அவள் எடுப்பதில்லை. புது இடம், வேலை இருக்கும்.

நான் சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டீர்கள். கடைசியில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள், யாரும் அதைச் சொல்வதில்லை. அந்த யூனிட்டில் ஒரு உயிரை நான் காப்பாற்றியிருக்கிறேன்.